அகிலாவின் இடது கண்

செவிலிமேட்டிலிருந்து காலையில் கிளம்பி, காஞ்சிபுரத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் போனால், அகிலா வீடு திரும்ப இருட்டிவிடும். அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தாள். பென்சீன் வளையங்கள் கோத்த மூலக்கூறுகளைக் கரைசலாக்கி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு லேசரை அதில் குவிப்பாள். ஒற்றை ஒளித்துகளுக்கு அந்த மூலக்கூறு மசியாது. இரண்டு துகள்கள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால்தான் விழுங்கிக்கொண்டு நீலமாக ஒளிரும்.

புதிதாகச் செய்த மூலக்கூறு ஒன்று வெகுநாளாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் மதியம் கரைசலுக்குள் மெல்லிய நீலக் கீற்று தெரிந்தாற்போல் இருந்தது. பாதுகாப்புக் கண்ணாடியின் பச்சையில் அது சரியாகத் தெரியவில்லை. ஆசை யாரை விட்டது? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தாள். மேசையின் மறுபக்கத்தில் நின்ற சக ஆராய்ச்சி மாணவி தீபிகா, லேசரை மறைக்காமலே, அதைத் திசைதிருப்பும் ஆடி ஒன்றைத் திருப்பினாள். அகிலாவின் இடது கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. வலி இல்லை. பார்வையின் நடுவில் மட்டும் கருப்பாக ஒரு பொட்டு நின்றது.

"விழித்திரை நடுவுல சுட்டுடுச்சும்மா. புண் ஆறும், பார்வை திரும்பாது" என்றார் டாக்டர்.

வழிகாட்டியான பேராசிரியர் குமரகுரு தனியே கூப்பிட்டார். "புகார் போச்சுன்னா லேபையே மூடிடுவாங்கம்மா. உன் தீசிஸும் நின்னுடும். கண்ணுல இன்ஃபெக்‌ஷன்னு சொல்லி லீவு போட்டுடு." தீபிகாவோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அகிலா வீட்டிலேயே கிடந்தாள். காபியை ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழுந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் கணவன் தினகரனுக்கு முகமே இல்லை, காதுகள் மட்டும் இருந்தன. பட்டுக்கடையில் புடவை டிசைன் போடும் அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"உன் கண்ணு போச்சு. நீ இன்னான்னா அவங்க லேபைப் பத்தி யோசிச்சிக்கினு இருக்கிற!"

"நானும்தாங்க கண்ணாடியக் கழட்டினேன்."

"அதையும் சேத்துச் சொல்லு. யாரு வேணாம்னது?"

நாலு வருஷப் படிப்பு; அதோடு தீபிகாவின் அழுகை. இரண்டையும் நினைத்துத் தயங்கியதிலேயே அகிலாவுக்கு நாட்கள் ஓடின. ஒருநாள் தீபிகாவே போன் செய்தாள். புதுசாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாளாம். சார் அவளை அகிலாவின் மேசையில் உட்கார வைத்திருக்கிறாராம்.

"அவகிட்ட நடந்ததச் சொன்னீங்களா?"

"இல்ல அகிலா. சார் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

மறுநாள் காலை அகிலா நேரே பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புக் குழுவின் முன் போய் நின்றாள். தன் தவறு, தீபிகாவின் தவறு, மூடி மறைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். அன்று சாயங்காலமே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. தீபிகா வேறு கூடத்துக்குப் போனாள்; அதன் பிறகு அவளிடமிருந்து போன் வரவில்லை. குமரகுரு எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாதங்கள் கழித்துக் கதவு திறந்தபோது, லேசர் மேசையைச் சுற்றிக் கருப்புத் தடுப்பு எழுந்திருந்தது. கரைசலைப் பார்க்க ஒரு கேமரா. புதுப்பெண் இளவரசி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் நின்றாள். முன்பு ஏமாற்றிய அதே மூலக்கூறின்மேல் அகிலா லேசரின் வலிமையை இரண்டு மடங்காக்கினாள். ஒளிர்வு நாலு மடங்கு ஏறியது. இரண்டு துகள்களையும் மூலக்கூறு சேர்த்தே விழுங்குகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

குமரகுரு வரைபடத்தைப் பார்த்தார். "தீசிஸை எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அகிலா வெளியே வந்து தினகரனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"நல்ல சேதிதானே? அப்புறம் ஏன் அழுவுற?"

"அந்த நீலத்த ஸ்கிரீன்லதாங்க பாத்தேன், என் கண்ணால நேரா பாக்கல" என்றாள். அவன் போனை வைக்காமல் காத்திருந்தான்.