மேட்டில் க்ளட்சைத் தொட்ட கை

போன ஐப்பசியில் தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தை விட்டுவிட்டுக் கடலோரமாகத் திருச்செந்தூரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். முதல் மழைக்கே பாத்திகள் மூழ்கிவிட்டன. இனி தை பிறந்த பிறகு வந்தால் போதும் என்று கங்காணி சொல்லிவிட்டார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், வீடு வீடாகப் பைக்கில் தண்ணீர் கேன் போடுவது, உப்பு அள்ளுவது என்று வேலை எங்கே முடிகிறதோ அங்கிருந்து கிளம்பிப் பழகிவிட்டது. சஷ்டிக் கூட்டத்துக்கு லாட்ஜுகளில் ஆள் எடுப்பார்கள், அங்கே போய் அறை கூட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மீனவர் ஊரின் குருசடியை, சிலுவை நட்ட சின்னக் கோயிலைத் தாண்டியதும், மணலில் ஒருவர் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கடற்கரைகளில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சுற்றுவார்களே, அந்த நாலு சக்கர பைக். கரைக்கு வரும் ஃபைபர் வள்ளங்களை மேட்டில் இழுத்து ஏற்றுவதற்காக எங்கோ பழையதாக வாங்கியிருக்கிறார். அவருக்கு முப்பது வயது இருக்கும். வலைக் கயிற்றில் சிக்கியதால் இடது கை விரல்கள் முழுக்கத் தையலும் கட்டும். வண்டியிலோ க்ளட்ச் லீவர் இடது பக்கம் இருந்தது.

"அண்ணாச்சி, பைக் ஓட்டுவீயளா?" என்று கேட்டார்.

"பைக் ஓட்டுவேன். இதை ஓட்டினதில்ல."

"ஓட்டாண்டாம். உங்க இடது கை மட்டும் கொஞ்ச நேரம் வேணும்."

பக்கத்தில் கட்டை சுமந்துகொண்டு நின்றவன் சிரித்தான். அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. "அப்படியே ரெண்டு வாய் சோறும் ஊட்டி விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி. வலது கை நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் அத்தானுக்கு ஊட்டி ஊட்டி எங்க அக்கா சலிச்சிட்டா."

வேலை இதுதான். அவர் முன்னால் உட்கார்ந்து கியர், ஆக்சிலேட்டர், பிரேக் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். நான் அவருக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்து, அவர் இடுப்பை ஒட்டிக் கையை நீட்டி க்ளட்சைப் பிடிக்க வேண்டும். முழங்காலால் என் காலைத் தட்டினால் மெதுவாக விட வேண்டும். மேலே சமதளத்துக்கு வந்து மறுபடி தட்டினால் பிடிக்க வேண்டும்.

"ஓட ஆரம்பிச்சிட்டா க்ளட்சே வேண்டாம்" என்றார். "ஆக்சிலேட்டரை லேசா குறைச்சிக் காலால தூக்கினா கியர் தானா விழும். ஒரு வாரமா அப்படித்தான் ஓட்டுதேன். பொறப்படும்போது மட்டும் இன்னொருத்தர் கை வேணும், இங்க உள்ளவங்க எல்லாம் வள்ளத்தைத் தள்ளணும். இன்னொண்ணு, மேட்டுல பாதியில என்ன ஆனாலும் க்ளட்சைத் தொட்டுராதீய. வள்ளம் பின்னால போயிரும்."

சரி என்றேன். அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

இரண்டு வள்ளங்கள் ஒழுங்காக ஏறின. வள்ளத்துக்கு அடியில் உருட்டுக் கட்டைகளைக் குறுக்கே போட்டிருந்தார்கள். நாங்கள் கயிறு கட்டி முன்னால் இழுக்க, இரண்டு பக்கமும் ஆட்கள் தள்ளிக்கொடுத்தார்கள். வள்ளம் நகர நகர, பின்னால் கழன்று விழும் கட்டையை மச்சினன் எடுத்து, ஓடிப்போய் முன்னால் போடுவான். வள்ளத்துக்கு நேர் பின்னே நிற்கிற ஆள் அவன் ஒருவன்தான். வெறும் வண்டியாகத் திரும்பும்போது அவர் க்ளட்ச் இல்லாமலே இரண்டு, மூன்று என்று கியரை ஏற்றுவார். ஒரு குலுக்கல்கூட இருக்காது. என் கை சும்மா லீவர் மேல் கிடக்கும்.

அடுத்தது மச்சினனின் வள்ளம். நனைந்த வலை உள்ளேயே இருந்ததால் கனம் அதிகம். மேட்டில் பாதி ஏறியதும் பின்னாலிருந்து ஒரு சத்தம். கழன்ற கட்டை ஈர மணலில் உருண்டு அவன் காலை வாரிவிட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். அவன் மல்லாந்து கிடந்தான், இரண்டு காலும் வள்ளத்துக்கு அடியில். "நிறுத்து, நிறுத்து" என்று எல்லோரும் கத்தினார்கள்.

தண்ணீர் கேன் போட்ட காலத்தில் மாடு குறுக்கே வந்தாலும் பிள்ளைகள் குறுக்கே ஓடினாலும் என் இடது கை முதலில் செய்வது ஒன்றுதான். அதையே இப்போதும் செய்தது. க்ளட்சை இறுகப் பிடித்துவிட்டேன்.

வண்டி பிடிப்பை இழந்து பின்னால் நகர்ந்தது. வள்ளமும் நகர்ந்தது. அவன் போட்ட அலறலை என்னால் எழுத முடியவில்லை. என் விரல்களைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் அவை திறக்கவில்லை. அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர், கட்டுப் போட்டிருந்த அந்தக் கையை ஓங்கி என் விரல்கள் மேல் அடித்தார். லீவர் விடுபட்டது. வண்டி ஒருமுறை துள்ளி, இன்ஜின் அணைந்து, கியரிலேயே அசையாமல் நின்றது. அவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றுவிட்டார். கயிறு விறைத்து வள்ளத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆட்கள் வள்ளத்துக்குப் பின்னே கட்டைகளை முட்டுக்கொடுத்து, அவனை அக்குளில் கைபோட்டு இழுத்தார்கள். கணுக்கால் தோல் உரிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. எலும்பு முறியவில்லை. வள்ளம் இன்னும் ஒரு முழம் வந்திருந்தால் அவன் இடுப்பு வரை போயிருக்கும். முன்னால் இருந்தவரின் கட்டு சிவந்து, முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. தையல் பிரிந்துவிட்டது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மூச்சுதான் வாங்கிக்கொண்டிருந்தார்.

விஷயம் கேட்டு அவர் மனைவி ஓடி வந்தார். தம்பியின் காலைப் பார்த்தார், கணவனின் கையைப் பார்த்தார். "யாரு க்ளட்சைப் பிடிச்சது?"

"யாரும் பிடிக்கலக்கா. கட்டை உருண்டிட்டு" என்றான் கீழே கிடந்தவன்.

எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "நான்தாம்மா பிடிச்சேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க போறீய நீங்க?"

"திருச்செந்தூருக்கு."

"அப்ப நேராப் போயிருக்கலாம்லா?"

இரண்டு பேரையும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் குருசடிப் படியில் உட்கார்ந்தேன். எத்தனையோ இடங்களிலிருந்து சொல்லாமல் கிளம்பியிருக்கிறேன். அன்றைக்கு அப்படிக் கிளம்ப முடியவில்லை. சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்தபோதும் அங்கேயேதான் இருந்தேன். அந்த அக்கா ஒரு தட்டில் சோறும் குழம்பும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலும் வள்ளங்கள் கரைக்கு வந்தன. மச்சினனால் காலை ஊன்ற முடியாது, கட்டை போட ஆள் இல்லை. நான் போய்க் கேட்டேன். ஓட்டுகிறவர் புதுக் கட்டுப் போட்ட கையால் வள்ளத்தின் பின்பக்கத்தைக் காட்டி, "பின்னால நிக்கணும், தெரியும்லா?" என்றார். தெரியும் என்றேன்.

அப்படியானால் க்ளட்சுக்கு யார் என்று நான் கேட்கவில்லை. மச்சினனே நொண்டி நொண்டி வந்து, அத்தானுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். "உக்காந்து செய்யுத வேலைதான, செஞ்சிருவோம்" என்றான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "பயப்படாதீய அண்ணாச்சி. எனக்கு பைக் ஓட்டவே தெரியாது. அதனால என் கை எதையும் தானாப் பிடிக்காது" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. முதல் கட்டையைத் தோளில் எடுத்துக்கொண்டு வள்ளத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே நின்றால் ஓட்டுகிறவர் தெரிய மாட்டார், க்ளட்சைப் பிடித்திருக்கும் கையும் தெரியாது. கண்ணுக்கு முன்னால் இருப்பது வள்ளத்தின் பின்பக்கம் மட்டும்தான். இன்றைக்கும் எந்த வண்டியில் ஏறி இடது கையால் லீவரைத் தொட்டாலும், எனக்குப் பின்னால் யாரோ அப்படி நிற்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது.