மாமியார் தூண்

ஜெபத்தின்போது ருகுன் அம்மா ஒரு கண்ணை மூடமாட்டாள். எங்கள் சபையில் இது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது எல்லோருக்கும் இது எப்படித் தெரிந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

"லம்பெத் எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாக்குறா" என்பாள் லம்ஹோத் அம்மா. வாழையிலையில் பொட்டலம் கட்டி, உள்ளே வெல்லம் வைத்து அவிக்கும் லம்பெத் இல்லாமல் எங்கள் ஏரிக்கரையில் வியாழக்கிழமை வீட்டு ஜெபம் நடந்ததாகச் சரித்திரம் கிடையாது.

"ஆமா, எண்ணத்தான் செய்யிறேன். போன வாரம் நீ நாலு முழுங்குன" என்று ருகுன் அம்மா திருப்பிக் கொடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். பேச்சு அத்தோடு போய்விடும். போய்விட வேண்டும் என்றுதான் அவளும் அப்படிப் பேசுவாள்.

விஷயம் வேறு. அவளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. முதலில் கோயில் மணியின் கடைசி ரீங்காரம் போயிற்று. பிறகு மழை போயிற்று. தகரக் கூரையில் கொட்டுகிற மழை, அது கூடத் தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது போலத்தான் கேட்டது. ஜெபம் எங்கே முடிகிறது என்று மூப்பரின் உதட்டைப் பார்த்தால்தான் தெரியும். அவர் 'ஆமெனு'க்கு வாயைத் திறக்கும்போதே இவள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். அந்த ஆமெனைக் கேட்டுத்தான் போதகர் அவளை "விசுவாசத்தில் முதல் ஆள்" என்று பிரசங்கத்திலேயே புகழ்ந்தார். அதையும் அவர் உதட்டிலிருந்துதான் அவள் படித்தாள்.

வீட்டில் பிரச்சினை வரவில்லை. ருகுன் அப்பா ஏரியில் படகு ஓட்டுகிறவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, சாப்பாட்டுக்கு உப்புக் கேட்டாலும் அக்கரைக்குக் கேட்கும். வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவள் கருவாடு விற்பாள். அங்கே எல்லோரும் விரலைக் காட்டித்தான் பேரம் பேசுவார்கள். மகள் ருகுன் மேதான் பட்டணத்தில் நர்ஸ் வேலையில் இருந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு வருவாள். கல்யாணத்துக்கு முன்னால் ருகுன் அம்மாவுக்கும் ஒரு பெயர் இருந்ததுதான். பிள்ளை பிறந்த அன்றே ஊர் அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டது. எங்கள் பத்தாக் ஜனங்களின் வழக்கம் அப்படி.

ஆகக் காது இல்லாமலும் காலம் தள்ளிவிடலாம். பாட்டு ஒன்றுதான் இடித்தது.

பெண்கள் பாடகர் குழுவில், கீழ்க்குரல் பாடுகிற ஆல்டோ வரிசையில், ஏரிப் பக்கத்து ஜன்னலை ஒட்டிய தூணுக்கு அடுத்த இடம் அவளுடையது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம் அங்கே போய் நின்றாள், இன்னும் நிற்கிறாள். லுத்தரன் சபையில் பிறந்த எங்களுக்கு நாலு குரல் பாட்டு என்பது மூச்சு விடுகிற மாதிரி. ஆனால் மூச்சு வாங்குகிறவர்களுக்கு எங்கள் குழுவில் இரக்கம் கிடையாது. ஹோத்மா அம்மாவுக்குக் குரல் நடுங்க ஆரம்பித்ததும் என்ன செய்தார்கள்? தோளில் ஒரு சால்வை போர்த்தி, கை தட்டி, முதல் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மரியாதைக்குக் குறைவே இல்லை. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் அவள் தன் வீட்டு ஜன்னலில் நின்று, பயிற்சிக்குப் போகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஜன்னலுக்கு நேரே வரும்போது ருகுன் அம்மா நடையை எட்டிப் போடுவாள்.

பழைய பாட்டு வாத்தியார் இருந்தவரை சமாளித்தாள். அவர் பள்ளிக்கூட ஆசிரியர். முகத்துக்கு நேரே நின்று திட்டுவார். சுதி ஏறினால் அவர் புருவமும் கூட ஏறும். அதைப் பார்த்து இவள் இறங்கிவிடுவாள். அவர் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போன பிறகு அந்த இடத்துக்குச் சஹாலா அப்பா வந்தான். தங்கமான பையன், காது என்றால் அப்படி ஒரு காது. ஆனால் ருகுன் அம்மாவின் கொழுந்தன் மகளைக் கட்டியவன். முறைக்கு அவள் மாமியார், அவன் மருமகன்.

மருமகன் மாமியார் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது. பேசியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் கதவு, கம்பம், கட்டில்கால், எதுவாவது வேண்டும். இதில் எங்களுக்கு விளையாட்டே கிடையாது. சஹாலா அப்பா ரொம்ப ஒழுங்கு. கையை ஆட்டும்போது மேல்குரல் பாடுகிற சோப்ரானோக்களுக்கு முகத்தைக் கொடுத்தான். ஆல்டோக்களுக்குத் தன் வலது காதைத்தான் கொடுத்தான். ஏதாவது சொல்ல வேண்டுமானால் ஜன்னலோரத் தூணிடம் சொல்வான். பெண்கள் அதற்கு 'மாமியார் தூண்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அது பெரிய கூத்தாகிவிட்டது. புதுப் பாட்டு. ஆல்டோக்கள்தான் தனியாக ஆரம்பிக்க வேண்டும். மற்றக் குரல்கள் பிறகு வந்து சேரும். சஹாலா அப்பா கையைத் தட்டி நிறுத்தினான். முகத்தை முழுக்கத் திருப்பிக்கொண்டு தூணைப் பார்த்தான்.

"தூணே, ஆல்டோ வரிசையில யாரோ கொஞ்சம் மேல போறாங்க. அவங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, கொஞ்சம் கீழ இறங்குனா நல்லாருக்கும்னு சொல்லு."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ருகுன் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய பின்னந்தலை. மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி பிந்தி அவளும் சிரித்தாள். திரும்பப் பாடினார்கள். திரும்ப அவள் மேலே போனாள். மூன்றாம் முறை தூணுக்கே சலிப்பு வந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லம்ஹோத் அம்மா முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அண்ணி, பண்டிகை அன்னிக்கு நீ சமையல் பக்கம் வந்துடேன். ஊருக்கே கெண்டை மீன் வைக்கணும், உன்னை விட்டா யாருக்குக் கைப்பக்குவம் இருக்கு?"

"விடியக்காலையில மீனை அடுப்புல ஏத்திட்டு வந்து பாடுறேன். ரெண்டுக்கும் எனக்குக் கை இருக்கு."

"பாட்டுக்குக் கை எதுக்கு அண்ணி?"

"குறுக்க பேசுறவளை நாலு சாத்துறதுக்கு."

லம்ஹோத் அம்மா சிரித்தாள். ஆனால் கையை விடவில்லை. அந்தக் கைப்பிடியில் இது இவள் ஒருத்தியின் பேச்சில்லை, நாலு பேர் கூடிப் பேசி அனுப்பிய பேச்சு என்று ருகுன் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சால்வை நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஜெபம் லம்ஹோத் அம்மா வீட்டில். மூப்பர் மழைக்காக, நெல்லுக்காக, உடைந்த பாலத்துக்காக, மேதானிலும் ஜகார்த்தாவிலும் இருக்கிற பிள்ளைகளுக்காக ஜெபித்துக்கொண்டே போனார். ருகுன் அம்மா ஒரு கண்ணால் அவருடைய உதட்டோடு போய்க்கொண்டிருந்தாள். பாதியில் கரண்டு போய்விட்டது.

இருட்டில் உதடு இல்லை, முகம் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லம்ஹோத் அம்மாவும் விளக்கெடுக்க எழுந்து போனாள் போலிருந்தது. இடிக்க ஒரு முழங்கை கூட மிச்சமில்லை. சரி, ஜெபம் எப்படியும் நீளம்தான் என்று தலையைக் குனிந்து கையைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

விளக்கு வந்தபோது அறை முழுக்க வாயில் லம்பெத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இலைகளெல்லாம் உரித்துக் கிடந்தன. ஜெபம் முடிந்து எத்தனை நேரமோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

"பாத்தீங்களா?" என்றார் மூப்பர், நெகிழ்ந்துபோய். "இதுக்குப் பேருதான் ஜெபம். நாமெல்லாம் இருட்டுல லம்பெத்தைத் தேடிப் போனோம். இவங்க கர்த்தரைத் தேடிப் போயிட்டாங்க."

நாலைந்து பேர் வெட்கப்பட்டுக் கடித்த லம்பெத்தைக் கீழே வைத்தார்கள். அவர்களைவிட அவளுக்குத்தான் வெட்கம். நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரோரம் சஹாலா அப்பா உட்கார்ந்திருந்தது கண்ணில் பட்டது. அவன் லம்பெத்தைத் தொடவேயில்லை. ஒரு நொடி, ஒரே நொடி, அவன் பார்வை அவள் காதில் நின்றது. உடனே கதவு நிலைக்குப் போய்விட்டது. என்ன இந்தப் பையனுக்கு இன்று மரியாதை குறைகிறது என்று அவள் நினைத்தாள்.

சனிக்கிழமை பெண்கள் கோயிலைக் கழுவினார்கள். திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகள் பின்பக்கம் ஞானோபதேசத்தை உருப்போட்டுக்கொண்டிருக்க வேண்டும், வாய்கள் அசைந்தன. ருகுன் அம்மா ஈரத்துணியால் தூணைத் துடைத்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கன்னத்தை அதில் வைத்தாள்.

"என்னென்னமோ சொல்லியிருப்பானே உன்கிட்ட" என்றாள். "ஒண்ணாவது எனக்குச் சொன்னியா நீ?"

அழுகை வந்தது. அழுதாள். அழுது முடித்து, ஒரு முடிவோடு வாளியைத் தூக்கினாள். நாளைக்கு வாயை மட்டும் அசைப்பது. சத்தமே வராது. யாருக்கும் கெடுதல் இல்லை, இடமும் போகாது.

ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்தைச் சுற்றி நெற்கதிர், பூசணி, கூடை கூடையாக அந்தலிமான் மிளகு. ஏலத்துக்கு வந்த பன்றிக்குட்டி வாசலில் கட்டிக் கிடந்தது. போதகரின் வாய் எல்லோரையும் எழச் சொன்னது, உட்காரச் சொன்னது. பெண்கள் குழு முன்னால் வந்து நின்றது. ருகுன் அம்மா தூணுக்குப் பக்கத்தில் நின்று, காலையில் அடுப்பில் விட்டுவந்த மீனின் மஞ்சள் ஒட்டியிருந்த விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சஹாலா அப்பா கையைத் தூக்கினான். சோப்ரானோ பக்கம் பார்த்தான். அப்புறம் திரும்பினான். காதை அல்ல, முகத்தை, முழு முகத்தையும் அவள் பக்கம் திருப்பினான். கண்ணைக் கண்ணால் பிடித்தான். முதல் சொல்லை அவளுக்காக வாயை அகலத் திறந்து காட்டி, கையை இறக்கினான்.

அவளுக்குத் தன் முடிவு மறந்துபோயிற்று. பாடினாள். இரண்டாம் அடியில் அவன் புருவம் ஏறியது, இறங்கினாள். அவன் தலையாட்டினான், அங்கேயே நின்றாள். அவன் உதட்டில் பாட்டு ஒவ்வொரு சொல்லாக வந்துகொண்டே இருந்தது. இத்தனை நாள் இருட்டில் தடவித் தடவி நடந்தவளுக்கு யாரோ வீட்டுக்குள் விளக்கைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. சோப்ரானோக்கள் வந்து சேர்ந்தபோது நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை.

பாட்டு முடிந்தது. மூப்பர் எழுந்து நின்றார். அவர் முகம் இறுகியிருந்தது. முன் வரிசைக் கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சஹாலா அப்பா, என்ன பழக்கம் இது? மாமியார் மூஞ்சியை இப்படியா வெறிச்சுப் பாப்பே? அதுவும் கோயில்ல, மொத்த சபைக்கும் முன்னால! அந்தம்மாவை அவமானப்படுத்திட்டியே. இப்படிப்பட்டவன் கையில இனி எப்படிக் குழுவைக் குடுக்கிறது?"

மூப்பரின் உதட்டில் எல்லாவற்றையும் அவள் படித்தாள். சஹாலா அப்பா தலையைக் குனிந்துகொண்டான். அவன் வாய் அசையவில்லை. 'அவங்களுக்குக் காது கேக்காது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி அவனை விட்டு இறங்கிவிடும். அவன் சொல்லவில்லை. வியாழக்கிழமையே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பதும், அவளுடைய இடம் போகக்கூடாதென்று இவன் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறான் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் கையை நீட்டித் தூணைப் பிடித்தாள். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. வாசலில் இருந்த பன்றிக்குட்டி துள்ளி எழுந்தது என்று பின்னால் சொன்னார்கள்.

"தூணே! மூப்பர்கிட்டச் சொல்லு. எனக்குக் காது கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல, மறைச்சிட்டேன். என் மருமகன் மூஞ்சியைப் பாத்தாத்தான் எனக்குப் பாட்டு வருது. அவன் பாத்தது எனக்கு அவமானம் இல்லை. பாக்காம இருந்தப்பதான் நான் தினம் தினம் அவமானப்பட்டேன். அவன்மேல தப்பில்லை. வேணும்னா என்னைக் கொண்டுபோய் முதல் பெஞ்சுல உக்கார வையுங்க."

சொல்லிவிட்டுத் தூணை விடாமல் நின்றாள். மூப்பர் உட்கார்ந்துவிட்டார். லம்ஹோத் அம்மா வரிசையை விட்டு வந்து அவள் முகத்துக்கு எதிரே நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அண்ணி, அப்ப ஜெபத்துல அந்த ஒரு கண்ணு…"

"அது லம்பெத் எண்ணத்தான்" என்றாள் ருகுன் அம்மா.

சஹாலா அப்பா பழக்கதோஷத்தில் தூணைப் பார்த்துத் திரும்பினான். அதனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நிறுத்திக்கொண்டான். மெல்லத் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தான். ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"செவ்வாக்கிழமை, அஞ்சு மணிக்கு, அத்தை. லேட்டா வராதீங்க."

அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.