உள்ளே இறுகாத பஞ்சு

என் அண்ணனின் இடது காதைச் செவிடாக்கியவள் நான்தான். கடல் அல்ல, ஊர் சொல்வது போலக் குடி அல்ல... நான்!

இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காரணத்தை முன்னால் சொன்னால் நீங்கள் எனக்காக இரக்கப்பட்டுவிடுவீர்கள். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம்.

அண்ணன் சேவியர் தூத்துக்குடியில் சங்கு குளித்துக்கொண்டிருந்தவன். முத்தெல்லாம் எங்கள் தலைமுறைக்கு வெறும் பேச்சு. அடியில் கிடைப்பது சங்குதான். வள்ளத்தில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து நீளமான குழாயில் வருகிற காற்றைச் சுவாசித்துக்கொண்டுதான் கீழே தேடுவான். அந்தக் காற்றில் எண்ணெய்ப் புகை கலந்திருக்கும். கரையேறினால் தலைவலி, குமட்டல். "டீசலக் குடிச்ச மாரி இருக்குளா" என்பான்.

நான் வேதியியலில் ஆய்வு மாணவி. ஒளி பட்டால் வேலை செய்யத் தொடங்கும் குறைகடத்திப் பொடியைக் கொண்டு நுண்துளைப் பிளாஸ்டிக் செய்வது என் ஆய்வு. நெடியடிக்கும் ஒரு திரவத்தோடு தண்ணீரையும் அந்த வெள்ளைப் பொடியையும் சேர்த்து அடித்தால் வெண்ணெய் போலத் திரளும். நீர்த்துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பொடி அவற்றைச் சுற்றி நிற்கும். வெயிலில் வைத்தால் அதே பொடி ஒளியை வாங்கித் திரவத்தை இறுக வைக்கும். பிறகு தண்ணீரை உலர்த்திவிட்டால் துளி இருந்த இடமெல்லாம் ஓட்டை; எண்ணெயை உறிஞ்சும் பஞ்சு! எங்கள் ஊர் வெயிலுக்குத் தனி விளக்கு எதற்கு? கல்லூரி மொட்டை மாடியே போதும்.

அதை அண்ணனின் குழாயில் வைத்தால் என்ன? நல்ல எண்ணம்தான்... நல்ல எண்ணம்தானே?

கம்ப்ரசருக்கும் குழாய்க்கும் நடுவில் பொருத்த ஒரு டப்பா செய்தேன். டப்பா நிறையும்படி பஞ்சைத் தடிமனாக ஒரே கட்டியாக வார்த்தேன். தட்டிப் பார்த்தால் டொக்கென்றது. அண்ணன் அதை வள்ளத்தில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறான். "பாருங்கலே, எந் தங்கச்சி செஞ்சது!"

கொடுத்தனுப்பிய அன்று சாயங்காலம், அதே வார்ப்பில் மிஞ்சிய இன்னொரு கட்டியை நறுக்கினேன். நடுவில் தயிர் போலக் குழைந்திருந்தது! நெடி ஏறி எனக்கே தலை கிறுகிறுத்தது. மேலே இருந்த பொடியே ஒளியையெல்லாம் வாங்கிக்கொண்டு உள்ளே விடவில்லை. தெரியாத விஷயமா? இளைய மாணவிகளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேனே! மெல்லிய வில்லைகளாக வார்த்து அடுக்கியிருக்க வேண்டும். எனக்கு அவசரம்.

கையில் போன் இருந்தது. அண்ணே, அதக் கழட்டிப் போடு... இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை! எங்கள் ஆய்வுகளை மதிப்பிடக் கல்லூரிக்கு நிபுணர்கள் வரவிருந்தார்கள். "இதை ஒரு சங்குகுளியாளர் பயன்படுத்துகிறார்" என்று அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு ஆசை. காற்று ஓட ஓட நெடி போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனைக் கீழே வைத்தேன்.

மறுநாள் கடலடியில் அந்த நெடி ஏறி அவனுக்குத் தலை சுற்றியது. திக்குத் தெரியாமல் விருட்டென்று மேலே வந்துவிட்டான். காதில் ரத்தம். இடது காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புது டப்பாவை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. கரையில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "குடிச்சிட்டு எறங்கிருக்கான்!" முன்பு குடித்தவன்தான். அந்தத் தவக்காலத்தில் மாதா முன்னால் சத்தியம் செய்து நிறுத்தியிருந்தான். "சத்தியம் பண்ணிட்டு இப்பிடி வந்து நிக்கியளே!" என்று மதினி தலையிலடித்துக்கொண்டு அழுதாள். வள்ளத்துக்காரர் இனி வரவேண்டாம் என்றுவிட்டார். ஒரு காது போனாலும் வள்ளத்தில் உட்கார்ந்து கம்ப்ரசர் பார்க்கலாம், பலர் பார்க்கிறார்கள். ஆனால் குடிகாரன் என்று பெயரெடுத்தவனை நம்பி எவன் கீழே இறங்குவான்?

அப்போது நான் சொன்னேன். "அண்ணன் குடிக்கல."

அவ்வளவுதான். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும்...? சேச்சே, சொல்லியிருக்க மாட்டேன்! அதற்குள் டப்பாவைக் கழற்றி என் பைக்குள் போட்டிருந்தேன்.

பஞ்சைக் கடலில் வீசினேன். மூழ்கினால்தானே! உடம்பெல்லாம் ஓட்டை, மிதந்தது. அலை அதைத் திரும்பத் திரும்பக் கரைக்கே தள்ளியது. கடைசியில் சேலை நனைய இறங்கி நானே பொறுக்கி வந்தேன். இன்னும் ஆய்வக அலமாரியில் கிடக்கிறது. பார்க்கவும் முடியவில்லை, தொலைக்கவும் முடியவில்லை.

இப்போதெல்லாம் மெல்லிய வில்லைகளாகத்தான் வார்க்கிறேன். ஒவ்வொரு வார்ப்பிலும் ஒன்றை நறுக்கி, முகர்ந்து பார்த்து, மறுபடி நறுக்குகிறேன். வீட்டில் இட்டலியைக்கூட நடுவில் பிட்டுப் பார்க்காமல் யாருக்கும் வைப்பதில்லை. மதினி சிரிக்கிறாள். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

அண்ணன் உப்பளத்தில் மூட்டை தூக்குகிறான். நேற்று வேலை முடிந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். டீ கொடுத்தேன்.

"ஊரே குடிகாரன்னு சொல்லுது. ஒம் மதினியும் நம்பல. நீ ஒருத்திதாம்ளா என்ன நம்புன" என்றான்.

நான் அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன். பஞ்சு உள்ளே இறுகாததை, நான் பார்த்ததை, போனைக் கீழே வைத்ததை, டப்பாவை எடுத்ததை... எல்லாவற்றையும் மெல்லிய குரலில், ஒன்று விடாமல் சொன்னேன். நான் நின்றது அவனுடைய இடப்பக்கம். தெரியாமலா நின்றேன்?

என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு அவன் வலது காதைத் திருப்பினான்.

"என்னளா சொன்ன?"

"ஒண்ணுமில்லண்ணே. டீ ஆறுது" என்றேன்.