ஜூன் மாதத்துக் கப்பெல்லெத்தி

நிவேஸ் தார்துச்சி என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டால் எங்கள் கஸ்தெல்ரோங்கோவில் பாதிப் பேர் முழிப்பார்கள். "தித்தோலோ நிவேஸ்" என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவள் சாப்பாட்டுக் கடை வாசலில் விட்டுவிடுவார்கள். இத்தாலியில், அதுவும் எங்கள் ரொமாஞ்ஞாப் பக்கத்தில், பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் கல்லறை வரை கூட வரும். சிலருக்கு மூக்கை வைத்துப் பெயர், சிலருக்கு அப்பன் வளர்த்த பன்றியை வைத்துப் பெயர். நிவேசுக்கு, ஒருநாள் அவள் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு சொல்லை வைத்து. இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு வருவதற்குள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கடை கூடைப்பந்து அரங்கத்துக்கு நேர் எதிரே. நிவேஸ் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. "நிவேஸ் பந்தைக் கட்டிக்கிட்டா, அதுவும் அவளை விட்டு உருண்டு ஓடுது" என்று கடையிலேயே உட்கார்ந்து கேலி பேசுவார்கள். அவளா விடுவாள்? "உங்கள்ல ஒருத்தனைக் கட்டியிருந்தா நான் உருண்டு ஓடியிருப்பேன்டா" என்பாள். சனிக்கிழமை பயிற்சி முடிந்து பையன்கள் ஈரத் தலையோடு நேராக அங்கேதான் வருவார்கள். எவனுக்கு வெங்காயம் ஆகாது, எவன் தோற்ற அன்று சாப்பிடாமல் எழுந்து போவான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அணிக்குப் பெயர் சோன்னோபெல். அது மெத்தைக் கம்பெனியின் பெயர். எங்கள் நாட்டில் கூடைப்பந்து அணிக்கு யார் பணம் போடுகிறாரோ அவர் கடையின் பெயர்தான் அணியின் பெயர். பக்கத்து ஊரில் ஒரு காலத்தில் கொழுப்பு நீக்கிய தயிர் என்று கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தார்கள். நாங்கள் மெத்தையைக் கத்தினோம். வெளியூருக்குப் போனால் "மெத்தைக்காரங்களா, போய்ப் படுங்கடா!" என்று கூச்சல் போடுவார்கள். மேளக்காரன் ஃபொஸ்கோ எழுந்து நின்று, "உங்களைத் தூங்க வெச்சிட்டுத்தான்டா படுப்போம்!" என்று திருப்பிக் கத்துவான். ஃபொஸ்கோ குழாய் ரிப்பேர்க்காரன். வாரம் பூராவும் ஊர்க் கழிவறைகளில் தலையை விட்டுக்கொண்டிருப்பவன், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய மேளத்தை மாட்டிக்கொண்டால் ராஜா.

அந்த மெத்தைக் கம்பெனி முதலாளிதான் லெயார்க்கோ பஞ்ஞோலி. ஊரே அவரைத் "தலைவரே" என்றுதான் கூப்பிடும். மாதா கோயில் பின்னால் சிமெண்டுத் தரையில் ஆடிக்கொண்டிருந்த பையன்களைக் கையில் எடுத்து, பிரிவு பிரிவாக ஏற்றினார். ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. முதல் பிரிவுக்கு ஏற இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்றிருந்த ஒரு வெயில் காலத்தில், அவர் கடைக்கு வந்து நிவேசைச் சீண்டினார்.

"ஜெயிச்சா கப்பெல்லெத்தி போடுவியா நிவேஸ்?"

கடையே சிரித்தது. உள்ளே பாலாடைக்கட்டி வைத்துக் குட்டித் தொப்பி மாதிரி மடித்த மாவு, கொதிக்கக் கொதிக்கக் கோழிச் சாற்றில். அது கிறிஸ்துமஸ் சாப்பாடு. வெயிலில் எவன் சாப்பிடுவான்?

"நீங்க ஜெயிங்க தலைவரே. ஜூன் என்ன, ஆகஸ்டுலயே போடறேன்!"

ஜெயித்தார்கள். ஜூன் மாதத்தில், மின்விசிறிகூட வெந்நீரை ஊதுவது போல் ஊதிக்கொண்டிருக்க, அணி மொத்தமும் வேர்த்து வழிய வழியச் சாற்றை உறிஞ்சியது. அணியில் ஆடிய வெண்டல் என்ற அமெரிக்கக்காரன், கூரையை முட்டும் உயரம், நிவேஸ் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூன்றாவது தட்டு கேட்டான். "மம்மா, எங்க ஊர்ல இதுக்குப் பேரு தண்டனை" என்றான். அன்றிலிருந்து அது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. ஜூனில் நிவேஸ் அடுப்பில் கோழிச் சாறு கொதித்தால் நல்ல சேதி. தெருவில் போகிறவன் மூக்கை உறிஞ்சியே தெரிந்துகொள்வான்.

சில வருஷம் அந்த வாசனை தவறாமல் வந்தது. பெரிய பெரிய நகரத்து அணிகள் எங்கள் சின்ன அரங்கத்தில் வந்து அடி வாங்கிக்கொண்டு போயின. அப்புறம் எல்லாம் இறங்குமுகம். வெண்டலின் முட்டி போயிற்று, மறுபடி வந்தான், பழைய குதி இல்லை. மெத்தை விற்பனை படுத்தது, சிரிக்காதீர்கள், நிஜமாகவே படுத்தது. கடைசி வருஷம் பிரிவை விட்டு இறங்காமல் மயிரிழையில் தப்பினோம். அந்தக் கோடையில் ஊரெல்லாம் ஒரே முணுமுணுப்பு. தலைவர் அணியைக் கைகழுவப் போகிறார், அடுத்த வருஷத்துக்குப் பதிவே செய்யப் போவதில்லை என்று.

நிவேசுக்குப் பொறுக்கவில்லை. காபி குடிக்க வந்தவரை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

"தலைவரே, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. கிளப்பு இருக்குமா, இருக்காதா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பைத்தியம் மாதிரி பேசாத. இந்த அணி இந்த ஊரை விட்டு எங்கயும் போகாது. எங்க அம்மா மேல சத்தியம்."

அம்மா மேல் சத்தியம் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்குமேல் கேள்வி கிடையாது. நிவேஸ் நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை, ஊரையும் நம்ப வைத்தாள். பதிவுக்குக் கடைசி வாரத்தில் ஃபொஸ்கோ ஆட்களைத் திரட்டினான். கம்பெனி வாசலை மறித்து உட்காருவது, தலைவர் வெளியே வந்து வாய் திறந்து சொல்லும்வரை ஒரு வண்டியையும் உள்ளே விடுவதில்லை, வெளியேயும் விடுவதில்லை. துணியில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்துவிட்டான். நிவேஸ் சண்டைக்குப் போனாள்.

"அந்த மனுஷன் நம்மை எங்க இருந்து எங்க கொண்டு வந்தாரு? இதுதான் மரியாதையா?"

"அக்கா, நீ ரொம்ப வெள்ளந்தி. அவன் காதுல பூ சுத்தறான்."

"அம்மா மேல சத்தியம் பண்ணியிருக்காருடா! பொய்யா போச்சுன்னா என் மூஞ்சியில காறித் துப்பு."

ஃபொஸ்கோ முனகிக்கொண்டே, "உனக்காகப் பாக்கறேன். நாளைக்குக் காலைல முடிவு சொல்றேன்" என்று போனான்.

அன்று மாலையே போன் வந்தது. தலைவர் குரலில் பழைய துள்ளல்.

"நிவேஸ், தித்தோலோ விஷயம் முடிஞ்சுது! நாளைக்கு மதியம் விருந்து. முக்கியமான ஆளுங்க வராங்க, கடையைச் சாத்திடு. கப்பெல்லெத்தி பண்ணு, என்ன?"

அவள் போனை வைத்துவிட்டு அழுதேவிட்டாள். இங்கேதான் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பேச்சில் ஜெயித்து வாங்கும் பட்டத்துக்கும் தித்தோலோ என்றுதான் பெயர். அடுத்த வருஷம் அந்தப் பிரிவில் ஆடுவதற்கான உரிமைக்கும் தித்தோலோதான். அந்த உரிமையை வீட்டை விற்பது மாதிரி வேறு ஊருக்கு விற்கலாம், வாங்கியவன் அப்படியே நம் இடத்தில் உட்காரலாம். முடிந்தது என்றால் பதிவு முடிந்தது என்று நிவேஸ் எடுத்துக்கொண்டாள். கப்பெல்லெத்தி என்று வேறு சொல்லிவிட்டாரே! ஜூனில் கப்பெல்லெத்தி என்றால் வேறு என்ன அர்த்தம்?

ஃபொஸ்கோ வீட்டுக்கு ஓடினாள். "அடேய், முடிஞ்சுதுடா! நாளைக்குக் கப்பெல்லெத்தி!" அவன் அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். எழுதி வைத்த துணியைச் சுருட்டி மேஜைக்கு அடியில் போட்டான். கம்பெனி வாசலுக்கு யாரும் போகவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து அடுப்பு. ஜூனில் கொழுத்த சேவல் ஏது? கிழட்டுக் கோழிகளைப் போட்டுக் கொதிக்க வைத்தாள். வாசனை தெருவுக்குப் போயிற்று. அவ்வளவுதான், ஜன்னல்களில் அணியின் பச்சை வெள்ளைக் கொடி. மதியத்துக்குள் கடை வாசலில் ஒரு கும்பல், நடுவில் ஃபொஸ்கோ மேளத்தோடு.

உள்ளே தலைவர், கோட்டு போட்ட நாலைந்து தெற்கத்தி ஆட்கள், ஒரு மூலையில் வெண்டல். புதிதாகப் பணம் போட வந்தவர்கள் போலிருக்கிறது என்று நிவேசுக்கு நினைப்பு. ஓடி ஓடிப் பரிமாறினாள். வெண்டல் மட்டும் தட்டைத் தொடவில்லை.

"ஏன்டா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல மம்மா" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

கோட்டுக்காரர்களில் ஒருவர், நல்ல மனிதர்தான் பாவம், தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "அம்மா, அமிர்தம்! நாங்க தப்புப் பண்ணிட்டோம். அணியை வாங்கும்போது சேத்து உங்களையும் வாங்கியிருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நிவேசும் சிரிக்கப் போனாள். பாதியில் நின்றுவிட்டது. கரண்டியைப் பிடித்தபடி தலைவரைப் பார்த்தாள்.

"என்ன சொல்றாரு இவரு?"

"நான்தான் நேத்தே போன்ல சொன்னேனே நிவேஸ். தித்தோலோ முடிஞ்சுதுன்னு."

"முடிஞ்சுதுன்னா?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "வித்தாச்சு."

"உங்க அம்மா மேல சத்தியம் பண்ணீங்களே."

"அம்மா போயி எத்தனை வருஷம் ஆச்சு, விடு" என்றார் தலைவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கம்கூட இல்லை. இத்தனை வருஷம் இந்த ஆளுக்கா சோறு போட்டோம் என்று நினைத்தாள் நிவேஸ்.

"லெயார்க்கோ" என்றாள். பிறந்ததிலிருந்து அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இதைச் சொல்லிக் கொண்டாட உனக்கு என் கைச் சாப்பாடுதானா கிடைச்சுது?"

அவர் கோட்டுக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். வெண்டல்தான் எழுந்து வந்தான். "மம்மா, எனக்குப் போன வாரமே தெரியும். சொன்னா என்னைப் புது அணிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டோம்னாங்க. எனக்கு இந்த முட்டியை வெச்சுக்கிட்டு வேற யாரு வேலை குடுப்பா?"

அவள் மாடியில், அவள் போட்ட மெத்தையில் படுத்துக்கொண்டு ஒரு வாரமாக மறைத்திருக்கிறான். அவனுடைய தட்டை அவன் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள். வெளியே மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. யாராவது போய்ச் சொல்லித்தானே ஆக வேண்டும்? கதவைத் திறந்துகொண்டு அவளே போனாள். "தித்தோலோ! தித்தோலோ!" என்று பாடிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் இன்னும் பலமாகப் பாடினார்கள். ஃபொஸ்கோ ஒருவன்தான் முதலில் அவள் முகத்தைக் கவனித்தான். மேளத்தை நிறுத்தினான்.

"வித்துட்டான்டா" என்றாள். "நீ துப்பு."

அவன் துப்பவில்லை. துப்பியிருந்தால்கூடத் தேவலை. மேளத்தைக் கழற்றி அவள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான், பல வருஷம் அந்தப் படி ஏறவில்லை.

அப்புறம் ஊர் பேசியது. அவளுக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும், தெரிந்துதான் கம்பெனி வாசலை மறிக்க விடாமல் செய்தாள் என்றது. விற்றவன் கடற்கரையில் பங்களா கட்டிக்கொண்டு போய்விட்டான், அகப்பட்டவள் இவள். யாரோ கடைக் கதவில் சாயத்தால் ஒரு அசிங்கமான வார்த்தை எழுதினார்கள். எழுதியவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அவனுக்கும் சோறு போட்டாள். "இன்னிக்குத் தித்தோலோ உண்டா நிவேஸ்?" என்று கப்பெல்லெத்தியைக் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் அது விஷம். ஒவ்வொரு தடவையும் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பரிமாறினாள். கடையைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. அரங்கத்தில் இப்போது கிழவர்களுக்கு நடன வகுப்பு நடக்கிறது, எங்கள் பையன்கள் மறுபடி மாதா கோயில் பின்னால் சிமெண்டுத் தரையில் கடைசிப் பிரிவில் ஆடுகிறார்கள். எங்கள் உரிமையை வாங்கிய தெற்கத்தி அணியையும் கொஞ்ச வருஷத்தில் இழுத்து மூடியாயிற்று. விஷம் எப்போது வடிந்ததென்று தெரியவில்லை, கப்பெல்லெத்திக்கு எங்கள் ஊரில் தித்தோலோ என்றே பெயர் நின்றுவிட்டது. ஃபொஸ்கோவும் ஒருநாள் வந்து உட்கார்ந்து, "ஒரு தட்டு தித்தோலோ, அக்கா" என்றான். அந்த ஒரு தடவை அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கடையில் நிற்க இடமில்லை. கதவைத் திறந்துகொண்டு லெயார்க்கோ வந்தார். வயதாகிவிட்டது, கைத்தடி. பேசிக்கொண்டிருந்தவர்கள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல் பழைய மூலை மேஜையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி வைத்தார்.

"வாசனை தெருவுலேயே இழுத்துது நிவேஸ். ஒரு தட்டு கப்பெல்லெத்தி குடு. உன் கை மாதிரி எங்கயும் கிடைக்கல."

"தித்தோலோவா?" என்றாள் நிவேஸ்.

"என்னது?"

"இங்க அதுக்கு அதான் பேரு தலைவரே" என்றான் ஃபொஸ்கோ, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "உங்களுக்குத் தெரியாதா?"

கிழவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. "சரி" என்றார் மெல்ல. "தித்தோலோவே குடு."

அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையச் சாறு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரியும். நிவேஸ் அதற்கு முன்னால் நின்றபடி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"வித்தாச்சு."

பிறகு கரண்டியை எடுத்து, "இந்தா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று ஃபொஸ்கோவின் தட்டில் ஊற்றினாள்.