இருபது நிமிஷம் ஆடாமல்

அணுக்கள் ஆடுவதை அளப்பது என் வேலை. அணுவைத் தவிர மற்றதெல்லாமும் சேர்ந்து ஆடுவதுதான் இந்த வேலையின் கஷ்டம். ஆராய்ச்சி மாணவர்களே, அவர்களுக்குச் சோறு போட்டுக் காத்திருப்பவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

டேப் புராணம்

ஒரு கறுப்புப் படிகத்தை செல்லோ டேப்பில் ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டி உரித்து, இரண்டே அடுக்கு உள்ள செதில் கிடைக்கும்வரை விடக்கூடாது. ஒரே மாதத்தில் நாலாவது முறையாக சின்னசேலம் கடையில் டேப் கேட்டு நின்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வூட்டுக்குப் பார்சல் கட்றீங்களா, இல்ல வூட்டையே பார்சல் கட்றீங்களா?"

கிடைத்தது ஒன்றே ஒன்று

ஐந்தாவது மாதம் நல்ல செதில் ஒன்று சிக்கியது. அதன்மேல் லேசரைப் போட்டுத் திரும்பி வரும் ஒளியைப் பிரித்தால், அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று மெல்ல அசைவது திரையில் ஒரு சின்ன மேடாகத் தெரிய வேண்டும். திங்கட்கிழமை ஆய்வுக் குழுவிடம் அந்த மேட்டைக் காட்டாவிட்டால் என் பட்டம் இன்னும் ஒரு வருஷம் இழுக்கும்.

எங்கள் கல்லூரி இருப்பதோ மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போகும் சாலையில். எதிரே டீக்கடை. டிராக்டர்கள் எஞ்சினை அணைக்காமல் நிற்க, அந்த அதிர்வில் லேசர் புள்ளி செதிலை விட்டு ஓடியது. தினமும் வெள்ளிமலையிலிருந்து மலைப்பாதையில் இறங்கி வரும் லேப் உதவியாளர் அந்தோணி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எங்க மலை பஸ்சு இத விட கம்மியாதாங்க ஆடும்."

டீக்கடைப் பேச்சுவார்த்தை

சனிக்கிழமை காலை டீக்கடைக்கே ஓடினேன். மூன்று டிராக்டர்கள் நின்றிருந்தன. "இருபது நிமிஷம் எஞ்சினை அணைச்சு வைங்கண்ணா" என்று கெஞ்சினேன். மூத்த டிரைவர் மாணிக்கம் டீயை நிதானமாக ஆற்றினார்.

"உங்க அணு ஆடறதப் பாக்க என் டிராக்டரு ஆடக்கூடாதா?"

ஆனாலும் அணைத்தார், மற்றவர்களையும் அணைக்க வைத்தார். நல்ல மனுஷர்.

பத்தொன்பதாவது நிமிஷம்

திரையில் மேடு எழும்பியது. நான் துள்ளிக் குதித்தேன், கைதட்டினேன், மேஜையில் இடித்துக்கொண்டேன். புள்ளி நகர்ந்து அளவு மொத்தமும் பாழ். வெளியே ஓடி, இன்னொரு இருபது நிமிஷம் கேட்டேன்.

"டிராக்டர நிறுத்திட்டோம். உங்கள யாருங்க நிறுத்தறது?" என்றார் மாணிக்கம்.

மேடு

மாணிக்கம் அப்படிக் கேட்டதோடு விடவில்லை, எஞ்சின்களை அணைத்தே வைக்கச் சொல்லிவிட்டு என்னைக் கண்காணிக்க உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார். நாற்காலியை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, இருபது நிமிஷமும் தாக்குப்பிடித்தேன். மேடு வந்தது, நின்றது, சேமித்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது. அதையும் ஆடாமலே அழுதேன். மாணிக்கம் திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

"இதுக்கா இம்மா நேரம் வண்டிய நிறுத்திக்கினு இருந்தோம்? எங்க தெரு ஸ்பீடு பிரேக்கரு இத விட ஜாஸ்தியா இருக்குமே."

அணு ஆடுவதைப் படிக்க வருகிறவர்கள், முதலில் தாங்கள் ஆடாமல் உட்காரப் பழக வேண்டும் என்பதே என் இத்தனை வருஷ ஆராய்ச்சியின் முடிவு.