பின்வரிசையைத் தூக்கிவிட்ட பாதிப் பெட்டி

பாட்டுப் பதிவு செய்கிற தொழிலில் கத்துகிறவரைச் சமாளிப்பது பெரிய வேலையில்லை. முணுமுணுக்கிறவரைக் கேட்க வைப்பதற்குள்தான் உயிர் போய் உயிர் வரும். கடை, ஒர்க்‌ஷாப், ஸ்டூடியோ என்று எதையாவது திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் சக பாவிகளே, கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

அப்போது கேசட் காலம். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஸ்டூடியோ நடத்தினேன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. மிச்சத்தை ஷாக் அடித்துக் கற்றுக்கொண்டேன். கோபத்தை மட்டும் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மேடையில் நிற்பது போலவே

தைப்பூசத்துக்குக் கேசட் போட கிள்ளானிலிருந்து ஒரு பஜனைக் குழு வந்தது. தலைவர் மணியம் மாஸ்டர். அவர் வாயைத் திறந்தால் கீழே கடையில் ரசம் ஊற்றுகிறவர் இலைக்கு வெளியே ஊற்றுவார். அவர் முதுகுக்குப் பின்னால், தோளை ஒட்டினாற்போல் சரோஜா அக்கா. கையுறைத் தொழிற்சாலையில் வேலை, குழுவில் பின்பாட்டு. "அரை வட்டமா நில்லுங்க மாஸ்டர், எல்லார் குரலும் விழும்" என்றேன். ஊஹூம். தலைவர் முன்னால், பின்பாட்டு பின்னால் என்பது குழு வழக்கமாம்; மேடையில் எப்படியோ பதிவிலும் அப்படித்தானாம். இருந்தது எல்லாருக்கும் சேர்த்து ஒரே மைக். அக்காவின் குரல் மாஸ்டரின் முதுகில் மோதி அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

போட்டுக் கேட்டால் மாஸ்டர், மிருதங்கம், மறுபடியும் மாஸ்டர். அடுத்த மாதம் குழுவுக்குச் சிங்கப்பூரில் கச்சேரி. அக்கா எல்லை தாண்டிப் போவது அதுதான் முதல் தடவை. தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு, புதுப் பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். மாஸ்டர் எல்லார் முன்னாலும் அவரிடம் சொன்னார்: "கேசட்டுல கேக்காத குரலுக்குச் சிங்கப்பூர் பஸ்ஸில எதுக்கும்மா சீட்டு? என் மச்சினி வரட்டும், அவளுக்கு நல்ல தொண்டை."

தொண்டையில் கால்

அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் ஸ்டூடியோவில் பாடிய குரல் என் டேப்பில் கேட்கவில்லை என்றால் கேவலம் எனக்கல்லவா! "சனிக்கிழமை வாங்க. அக்கா குரல் கேக்கலேன்னா கேசட்டே உங்களுக்கு இனாம்!" என்று மேசையில் ஓங்கி அடித்தேன். கை வலித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது.

மொத்தமாகச் சத்தத்தைக் கூட்டினால் மாஸ்டரும் சேர்ந்து கூடுவார். அதனால் கம்ப்ரஸரில் போட்டேன். உரத்த சத்தம் வந்தால் தலையிலேயே தட்டி உட்கார வைக்கும் கருவி அது. மாஸ்டரை உட்கார வைத்துவிட்டு எல்லாவற்றையும் கூட்டியதும் அக்கா மெல்ல எட்டிப் பார்த்தார். கூடவே, அந்த வழியாக வந்த மாஸ்டரும் எட்டிப் பார்த்தார். முதல் வரி முடிவதற்குள் கத்தினார்: "யோவ் தம்பி, என் தொண்டையில யாருய்யா கால வெச்சு நிக்கிறது?"

பாதி செத்தது

உயரமானவர் தலையைத் தட்டக்கூடாது, குட்டையானவர் காலடியில் முக்காலி போட வேண்டும் என்று அப்போதுதான் புத்தி வந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் பழைய மின்சாமான் விற்கும் சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடையில் அதற்கேற்ற பெட்டி ஒன்று தூசி தின்று கிடந்தது. டேப் இரைச்சலைக் குறைக்கிற பெட்டி. பதிவு செய்யும்போது மெல்லிய சத்தங்களை மட்டும் தூக்கும், உரத்ததைத் தொடாது. திரும்பப் போடும்போது தூக்கியதை இறக்கி வைக்கும், இரைச்சலும் அதோடு இறங்கிவிடும். இதில் இறக்குகிற பாதி செத்துப் போயிருந்தது. எனக்கு வேண்டியதோ தூக்குகிற பாதி மட்டும்!

அதை முகத்தில் காட்டுவேனா? "பாதிப் பொணத்துக்கு முழு விலையா தவுக்கே?" என்று ஆரம்பித்தேன். வாக்குவாதம் முற்றி, தெருவில் ரொட்டி விற்றுக்கொண்டு போனவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். கோபித்துக்கொண்டு வெளியே போவேன், குடையை மறந்துவிட்டதாகத் திரும்பி வருவேன். அன்றைக்கு நான் குடையே கொண்டு போகவில்லை. கடைசியில் தவுக்கே பெட்டியைத் தூக்கி என் நெஞ்சில் திணித்தார்: "சுடா லா அண்ணே, போதும், எடுத்துட்டுப் போ! உன் வாய்க்கு இறக்கிற பாதிதான் வேணும், அது என்கிட்ட இல்ல."

முதல் பலி

மாஸ்டர் டேப்பில் கை வைப்பதற்கு முன், சுபாங் ஜெயா மாப்பிள்ளை ஒருவரின் கல்யாண டேப்பைப் பெட்டி வழியாக ஓடவிட்டேன். அடேயப்பா! கெட்டிமேளம் இருந்தபடியே இருந்தது. அது அடங்கிய இடங்களில் எல்லாம் மண்டபமே எழுந்து வந்தது. வளையல் குலுங்குகிறது, குழந்தை சிணுங்குகிறது, மந்திரத்துக்கு நடுவே ஐயர், "லோரி வழிய மறைக்குதாம், எடுக்கச் சொல்லுங்கோ" என்கிறார். நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

மாப்பிள்ளையும் வந்து ரசித்துத்தான் கேட்டார், தாலி கட்டி முடிகிற வரைக்கும். அதற்குப் பிறகு வந்த அமைதியில் மாமியார் யாரிடமோ ரகசியமாகச் சொன்னது பளிச்சென்று விழுந்தது. "போட்டோவுல பாத்தப்போ தலையில இன்னும் கொஞ்சம் முடி இருந்துச்சே." மாப்பிள்ளை தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்: "பாஸ், இவங்கள மட்டும் திரும்ப உள்ள தள்ள முடியுமா?"

சனிக்கிழமை

குழு முழுக்க வந்தது. மாஸ்டரின் மனைவியும் வந்தார். சரோஜா அக்கா கதவோரமாக, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் டேப்பை முழுதாகக் கேட்டிருக்கவில்லை. முதல் பாட்டின் பல்லவியில் அக்கா குரல் தேன் மாதிரி எழுந்ததுமே குதித்துவிட்டு, மிச்சத்தைக் கேட்காமலே பெட்டி வழியாக ஓடவிட்டு முடித்துவிட்டேன். இப்போதும் பல்லவி வந்தது, அக்காவும் வந்தார். மாஸ்டர் குரலில் ஒரு மயிரிழை குறையவில்லை. மிருதங்கக்காரர், "அடடா!" என்றார்.

அப்புறம் சரணம். மாஸ்டர் மூச்சு இழுக்கிற இடைவெளியில், "படியேறி வந்தோம்..." என்று ஒரு கிசுகிசுப்பு. உடனே மாஸ்டர் இடி போல, "படியேறி வந்தோம்!" அடுத்த வரிக்கும் அதே. அதற்கடுத்த வரிக்கும் அதே. அக்கா அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரிக்கும் அடியெடுத்துக் கொடுத்திருக்கிறார்! மிருதங்கக்காரர் சிரித்துச் சிரித்துச் சுவரில் இருந்த முட்டை அட்டையைப் பெயர்த்துவிட்டார். மாஸ்டர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சத்தியமாக அவருக்கே தெரியாது. காதில் விழுந்ததை எல்லாம் தன் மண்டையில் உதித்ததாகவே நினைத்து வந்திருக்கிறார். அவர் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார்: "ஏங்க, என் தங்கச்சிய கூட்டிட்டுப் போனா, சிங்கப்பூர்ல நீங்க என்னத்தப் பாடுவீங்க?"

பெட்டிக்கு ஓய்வு

"அந்தக் கிசுகிசுப்ப மட்டும் எடுத்துடு தம்பி" என்றார் மாஸ்டர், வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாக. "அது போனா அக்கா குரலும் போகும், ரெண்டும் ஒரே உயரம்" என்றேன். பேரம் பேச இதைவிட நல்ல நேரம் எனக்கு எப்போது வாய்க்கும்? மறுபடி பதிவு, அரை வட்டம், அக்காவுக்கு இரவல் வாங்கியாவது தனி மைக், கேசட் அட்டையில் அக்கா பெயர், பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டு. எல்லாவற்றுக்கும் மாஸ்டர் தலையாட்டினார். நான் இன்னும் ஒரு சத்தம் போட்டிருந்தால் மிருதங்கத்தையே கொடுத்திருப்பார்.

பதிவன்றைக்கு அக்கா மாஸ்டர் பக்கத்திலேயே, தன் மைக் முன்னால் நிமிர்ந்து நின்றார். நான் பெருமையாகப் பெட்டியைத் தட்டிவிடக் கையை நீட்டினேன். அக்கா ஓடி வந்து என் காதோரம் சொன்னார்: "தம்பி, இன்னைக்கு அத அணைச்சு வைங்க. மாஸ்டருக்கு ரெண்டாவது சரணம் இன்னும் வரல."

நானும் தொழிலில் உரக்கக் கத்தியே பிழைத்தவன்தான். எனக்குப் பின்னால் நின்று அடியெடுத்துக் கொடுக்கத்தான் ஓர் ஆள் அகப்படவில்லை.