விளக்கெண்ணெய் ஓட்டிய இஞ்சின்

தேங்காயெண்ணெயிலிருந்து பழவாசனை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். போன மாதம் கல்லூரி ரசாயன சாலையில், சோப்புக் காய்ச்ச வைத்திருந்த எண்ணெயில் தண்ணீருக்குப் பதிலாக ஸ்பிரிட்டும் துளி காரமும் சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தேன். அடியில் பாகு போல கிளிசரின் தங்கிவிட்டது, மேலே நின்றதோ பழவாசனை வீசி, எண்ணெயா என்று சந்தேகப்படும்படி இளகி, கண்ணாடிக் குழாயிலிருந்து தண்ணீரைப் போலச் சொட்டியது. திரியில் நனைத்துக் கொளுத்தினால் கரியும் கொஞ்சம்தான். இதை இஞ்சினுக்கு ஊற்றினால் என்ன? மனசு துள்ளிய அதே நொடியில் அடுப்பை அணைத்துவிட்டேன், ஏனென்றால் இஞ்சினுக்கு இன்ன எண்ணெய் ஊற்றலாம் என்று நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளிப் பக்கம் எங்கள் தோட்டம்; அப்பா இறந்தபின் ஆத்தா, அண்ணன், நான், மூன்றே பேர். கிணறு ரொம்ப ஆழம் என்பதால், பாதி ஆழத்தில் பாறையைக் குடைந்து மேடை கட்டி, இஞ்சினை அங்கே இறக்கியிருந்தோம். அதன் புகைக்குழாய் சுவரோடு ஏறி வெளியே வந்து நிற்கும். ஓட்டுவது அண்ணன். அந்தத் தை மாதம், நெல் பால் பிடிக்கிற சமயம், இஞ்சினுக்கு ஊற்ற ரயிலில் வரவேண்டிய குரூடாயில் பீப்பாய் வரவே இல்லை. வயல் வெடிக்கத் தொடங்கியதும் அண்ணன் பாலக்காட்டு இஞ்சின் மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினான். பதில் மலையாளத்தில் ஒரு கடுதாசியாக வந்தது. ஊட்டில் மலையாள எழுத்துப் படித்தவன் நான் ஒருவன்தான், அந்தப் பெருமையில் களத்தின் நடுவே நின்று உரக்கப் படித்தேன்: "விளக்கெண்ண ஒழிச்சாலும் ஓடும்." 'ஒழிச்சா'ன்னா ஊத்தறது என்று விளக்கம் வேறு சொன்னேன். முன்னால் நின்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டுமென்று தோன்றவே இல்லை.

"வெளக்கெண்ணெயா? செரியாப் படிச்சயாடா வாத்தி?" என்றான் அண்ணன்.

"அப்படித்தான் எழுதீருக்குது."

"ஒரு கரண்டி குடிச்சா நாமளே காடு மேடெல்லாம் ஓடறோம். இஞ்சின் ஓடறதுக்குக் கேக்கோணுமா!"

"சிரிச்சது போதும், ஊத்துடா சாமி," என்றாள் ஆத்தா. "கொட்டமுத்து ஆட்டுன வெளக்கெண்ணெய் ரெண்டு கொடம் சும்மாதான கெடக்குது."

ஓடத்தான் செய்தது. இருமிக்கொண்டு, கறுப்பாகக் கக்கிக்கொண்டு, இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் முற்பகல் திணறி நின்றது. பாதி வெந்த எண்ணெயும் கரியும் சேர்ந்து, தார் போலப் புகைக்குழாயை அடைத்திருந்தது. "கொழாயைக் கழட்டி உட்டுட்டு ஓட்டறேன், நீ போயி வாய்க்காலப் பாரு" என்று கிணற்றுக்குள்ளிருந்து அண்ணன் கத்தினான். கழற்றியதும் இஞ்சின் மூச்சு வந்தது போலப் படபடவென்று ஓடியது, தண்ணீர் பாய்ந்தது, அதோடு போட்டி போட்டு நான் கடைசி வயல் வரைக்கும் ஓடினேன். திரும்பி வரும்போது கிணற்று வாயில் புகை நின்றது. கூப்பிட்டேன். பதில் சொல்லாததற்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கயிறு கட்டி இறங்கி அவனைத் தூக்கிவந்து களத்தில் கிடத்தியபோதும் வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. யாருக்கும் இஞ்சினை நிறுத்தத் தோன்றவில்லை.

துக்கத்துக்கு வந்த மேஸ்திரி கிணற்றுப் பக்கம் தனியாகப் போனார். பின்னாலேயே நானும் போனேன். கழற்றிப் போட்டிருந்த குழாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்து முகர்ந்தவர், தணிந்த குரலில் கேட்டார்: "ஆவணக்கெண்ணயோ ஒழிச்சது? ஞான் விளக்கெண்ண எந்நல்லே எழுதியது?" அவருக்கு விளக்கெண்ண என்றால் விளக்குக்கு ஊற்றுவது, அவர் ஊட்டில் அது தேங்காயெண்ணெய். எங்களுக்கு விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கு ஒன்றுதான். ஒரே சொல். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"மேஸ்திரி என்னடா சொன்னாரு?" என்று ஆத்தா கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்காத்தா."

எல்லா எண்ணெயும் எண்ணெய்தான் என்று நினைத்தோமே, இல்லை. விளக்கெண்ணெய் கனம், இஞ்சினுக்குள் தூவலாகச் சிதறாமல் துளியாகவே விழும், பாதி எரியும், மீதி கரியும் நச்சுப் புகையுமாகும். தேங்காயெண்ணெய் சுத்தமாக எரியும், ஆனால் மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். கிளிசரினைப் பிரித்துவிட்டால் இரண்டுமே இளகுகின்றன. அப்போதும் விளக்கெண்ணெயிலிருந்து வந்தது மட்டும் சற்றுக் கனமாகவே நிற்கிறது. எண்ணெய்க்குள் என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நெருப்பு, அதைப் பொறுத்துத்தான் புகை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது அந்தக் கிணறு இல்லை, மண் போட்டு மூடியாயிற்று. வரப்போரத்து ஆமணக்கை ஆத்தா ஒரே நாளில் வேரோடு பிடுங்கிப் போட்டாள். எங்கள் ஊட்டில் சிரித்துப் பேசுகிற குரலும் போய்விட்டது. இஞ்சின் மட்டும் மாட்டுக் கொட்டகை மூலையில் சாக்கு மூடிக் கிடக்கிறது.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன். இஞ்சினைத் திறந்த வெளியில் வைத்து, நான் இளக்கிய எண்ணெய்களை ஒவ்வொன்றாக ஊற்றி, குழாய் வாயில் வெள்ளைத் துணி பிடித்து, எது எவ்வளவு கரி தருகிறது என்று பார்க்க வேண்டும். ஆத்தா சம்மதிக்காமல் அதைத் தொட முடியாது. சம்மதம் கேட்பதற்கு முன்னால், மேஸ்திரி அன்றைக்கு என்ன சொன்னார் என்பதை அவளிடம் சொல்ல வேண்டும்.